மரபணு விழிக்கும் வேளை: ஈ.கோலியும் மனித நோயும்

(கப்பல்துறையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குடிநீர்ச் சோதனைகளில் எளிமையான ஒன்று இது. கிணற்றில் அள்ளிய தண்ணீரில் நூறு மில்லிலீற்றரை ஒரு போத்தலில் எடுத்து, ஒரு பொட்டலம் வெள்ளைத் தூளை அதில் கரைத்து, 35 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள். மறுநாள் தண்ணீர் நிறமற்றுக் கிடந்தால் நல்லது. மஞ்சளாகியிருந்தால் கோலிவகைப் பற்றீரியாக்கள் அதில் இருக்கின்றன. அறை விளக்கை அணைத்துக் கழியூதா விளக்கின் கீழ் பிடிக்கும்போது அந்தப் போத்தல் நீலமாக ஒளிர்ந்தால் ஈ.கோலியும் இருக்கிறது. மனிதரோ விலங்கோ கழித்த மலம் அந்தக் கிணற்றை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். நூறு மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614உம் அதையே வற்புறுத்துகிறது.

மஞ்சளும் நீலமும் எங்கிருந்து வருகின்றன? பற்றீரியாவுக்கு அந்த நிறங்கள் இல்லை. தூளில் கலந்திருக்கும் ஒரு வேதிப்பொருள் பாற்சீனியாகிய லக்டோசின் சாயலில் அமைந்தது. கோலிவகைப் பற்றீரியாவின் பீற்றா கலக்டோசிடேசு என்ற நொதியம் அதை வெட்டும்போது மஞ்சள் வெளிப்படுகிறது. மற்றொரு பொருளை ஈ.கோலியின் குளுக்குரோனிடேசு நொதியம் வெட்டும்போது நீலம் ஒளிர்கிறது. நொதியம் ஒவ்வொன்றும் ஒரு மரபணு இட்ட கட்டளையின் விளைவு. மரபணு உறங்கிக் கிடந்தால் நொதியம் இல்லை, நிறமும் இல்லை. உயிரியலார் மரபணு வெளிப்பாடு என்று அழைக்கும் நிகழ்ச்சி, கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலில் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு மரபணு ஓர் உயிரிடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்பது இன்னொரு கேள்வி. மனித நோய்களில் பல இந்த இரண்டாவது கேள்வியில்தான் அவிழ்கின்றன. அதைக் கேட்கும் முறையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தக் குடற்கிருமியிடம்.

1885ஆம் ஆண்டில் தியோடோர் எஷ்ரிச் என்ற குழந்தை வைத்தியர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இந்தக் கோல்வடிவப் பற்றீரியாவைக் கண்டு விவரித்தார். அவர் பெயரையே பிற்காலம் அதற்குச் சூட்டியது. நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். 1922இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில், தொண்டைக்கரப்பான் நோயிலிருந்து தேறிவந்த ஒருவரிடமிருந்து எடுத்த கே-12 என்ற வழிதான் உலகின் ஆய்வுகூடங்களில் இன்றுவரை வளர்க்கப்படுகிறது. 1997இல் அதன் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள், அவற்றில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை.

பாரிசில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜாக் மொனோ என்ற இளம் ஆய்வாளர் ஈ.கோலிக்குக் குளுக்கோசையும் லக்டோசையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பற்றீரியா முதலில் குளுக்கோசை மட்டும் உண்டு பெருகியது. குளுக்கோசு தீர்ந்ததும் சற்று நேரம் பெருகாமல் நின்றது. பிறகு லக்டோசை உண்டு மறுபடி பெருகியது. அந்த இடைவேளையில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை விடுவிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 1961இல் பிரான்சுவா ஜாகோப்புடன் சேர்ந்து அவர் விடையை வெளியிட்டார். லக்டோசைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஒரு தடைப்புரதம், படலைக்குப் போட்ட கொண்டி போல, பொருந்தி நிற்கிறது. லக்டோசு உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு சீனி அந்தப் புரதத்தைப் பற்றி இழுக்கிறது, வாசல் திறக்கிறது. குளுக்கோசு இருக்கும்வரை திறந்த வாசலிலும் வேலை மந்தமாகவே நடக்கும். இரண்டு நிபந்தனைகளும் கூடிவந்தால் நொதியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகும். 1965இல் இருவருக்கும் அந்திரே ல்வோப்புடன் நோபல் பரிசு கிடைத்தது.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று சொல்வோர் எல்லா ஊரிலும் உண்டு. தாய்ப்பால் மறந்தபின் பெரும்பாலான மனிதர்களில் லக்டேசு மரபணு மெல்ல அடங்கிவிடுகிறது. மரபணு அழிவதில்லை, பழுதாவதும் இல்லை, வெளிப்பாடுதான் குறைகிறது. 2002இல் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், வளர்ந்த பிறகும் இந்த மரபணு விழித்திருப்பவர்களிடம் ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டார்கள். அது லக்டேசு மரபணுவுக்குள் இல்லை; ஏறத்தாழ பதினாலாயிரம் எழுத்துகள் தள்ளி, அண்டை மரபணு ஒன்றின் நடுவே, ஆளியாக வேலை செய்யும் இடத்தில் இருந்தது. அந்த மாற்றம் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அரிது. அது இல்லாதவர் குடித்த பாலின் லக்டோசு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போக, அங்கே வாழும் பற்றீரியாக்கள் தம் வாசலைத் திறந்துகொண்டு அதை நொதிக்கவைக்கின்றன. வயிற்றில் எழும் காற்று அதிலிருந்து வருகிறது.

இந்த வாசலை மனிதர் தம் நன்மைக்கும் திறந்தார்கள். 1978இல் கலிபோர்னியாவில் ஆர்தர் றிக்ஸ், கெய்ச்சி இடாகுரா ஆகியோரும் ஜெனென்டெக் நிறுவனத்தாரும் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளுக்குரிய டி.என்.ஏ.யை வேதிமுறையில் செய்து, ஈ.கோலியின் லக்டோசு ஆளியின் கட்டுப்பாட்டில், அந்தப் பீற்றா கலக்டோசிடேசு மரபணுவின் வாலில் இணைத்தார்கள். மஞ்சள் நிறம் காட்டும் நொதியத்தைச் செய்யும்போது பற்றீரியா கூடவே இன்சுலின் சங்கிலியையும் செய்தது. 1982இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது. அதற்கு முன் நீரிழிவுக்காரர் ஊசியில் ஏற்றிக்கொண்டதெல்லாம் பன்றியின், மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்.

இனி ஆளி தீங்கு செய்யும் இடங்கள்.

சிறுநீர்க்கடுப்போடு வைத்தியசாலைக்கு வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு நோய் தருவது ஈ.கோலி. குடலில் தொந்தரவின்றி வாழ்ந்த கிருமி சிறுநீர்ப்பையில் நோயாவது எப்படி? அதன் உடலைச் சுற்றி மயிர்போன்ற நுண்ணிழைகள் முளைக்கும். இழை நுனியிலுள்ள ஒரு புரதம் சிறுநீர்ப்பைச் சுவரின் மனோசுச் சீனியைப் பற்றிக்கொள்ளும். இழை செய்யும் மரபணுக்களை விழிக்கச்செய்யும் டி.என்.ஏ. துண்டு 314 எழுத்து நீளமானது. இரண்டு நொதியங்கள் அந்தத் துண்டை வெட்டி, தலைமாற்றி, மறுபடி ஒட்டுகின்றன. ஒரு திசையில் நின்றால் இழை முளைக்கும், மறுதிசையில் நின்றால் முளைக்காது. ஒரே தாயில் பிறந்த கிருமிகளில் சில இழையோடும் சில இழையின்றியும் இருக்கும். இழையற்றவை சிறுநீரோடு அடித்துச் செல்லப்பட, இழையுள்ளவை ஒட்டி நிற்கின்றன. ஒட்டியவற்றில் சில சுவர்க் கலங்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகுகின்றன. மருந்து குடித்துச் சுகமானவருக்குச் சில வாரங்களில் அதே நோய் திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடக் கொடியது ஷிகா நஞ்சைச் சுமக்கும் ஈ.கோலி. 1982இல் அமெரிக்காவில் சரியாக வேகாத இறைச்சியை உண்டவர்களிடம் ஓ157 வகை முதலில் கவனத்துக்கு வந்தது. 2011இல் ஜெர்மனியில் ஓ104 வகை பரவியபோது 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்; ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; எண்ணூறுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் தாக்குண்டது. தேடிப்போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் முளைவிட்ட வெந்தயம்.

அந்த நஞ்சின் மரபணு உண்மையில் ஈ.கோலிக்குச் சொந்தமானதே இல்லை. பற்றீரியாவின் டி.என்.ஏ.க்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு வைரசுக்கு, பற்றீரியா தின்னிக்கு, உரியது. பற்றீரியா நலமாக இருக்கும்வரை வைரசும் அடங்கியிருக்கும், நஞ்சும் பிறவாது. பற்றீரியாவின் டி.என்.ஏ. சேதமுற்றால் அதன் உள்ளே அபாய அறிவிப்பு எழுகிறது. அப்போது வைரசை அடக்கிவைத்திருந்த தடைப்புரதம் வெட்டுண்டு போகிறது. வைரசு விழித்துப் பெருகி, நஞ்சையும் செய்து, பற்றீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. டி.என்.ஏ.யைத் தாக்கும் சில நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இதே அறிவிப்பை எழுப்பக்கூடியவை. கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்து நஞ்சைப் பெருக்கிவிடலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓ157 தொற்றிய குழந்தைகளில் நுண்ணுயிர்கொல்லி பெற்றவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக நேர்ந்தது. எங்கள் பக்கத்தில் இரத்தம் கலந்த வயிற்றோட்டம் பலவேளை ஷிகெல்லாக் கிருமியால் வருவது. அதற்கு நுண்ணுயிர்கொல்லி தேவைப்படும். எது எது என்று பிரித்தறிய வைத்தியரும் மலச்சோதனையும் வேண்டும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் ஆபத்தாவது இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியைத் தாக்கிய கிருமியிடம் இன்னொன்றும் இருந்தது: செபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் சி.டி.எக்ஸ்.-எம்-15 என்ற நொதியம். அதன் மரபணு முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1999இல் புதுடில்லியில் சேகரித்த கிருமிகளில். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரித்தானியாவின் டிமதி வால்ஷும் பிறரும் எழுதிய கட்டுரை உலகெங்கும் அதிர்ச்சியைக் கிளப்பியது. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்-1 நொதியத்தைச் சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும், அரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரித்தானியாவில் 37 மாதிரிகளிலும் அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த மாதிரிகளில் ஈ.கோலியும் இருந்தது.

இங்கும் ஆளியின் கதைதான். ஒரு மரபணு வேறு கிருமியிடமிருந்து வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. புதிய வீட்டில் அது விழித்தாக வேண்டும். என்.டி.எம்-1 மரபணுவின் முன்னே ஐ.எஸ்.ஏ.பி.ஏ-125 என்ற தாவும் துண்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரபணுவை விழிக்கச்செய்யும் ஆளியின் பாதியை அந்தத் துண்டே கொண்டுவந்து கொடுக்கிறது. சி.டி.எக்ஸ்.-எம்-15க்கு முன்னேயும் இத்தகைய இன்னொரு துண்டு நிற்கிறது. மருந்தை எதிர்க்கும் மரபணு, தன் ஆளியையும் கையோடு சுமந்து ஊர்விட்டு ஊர் போகிறது. 2012இல் இந்திய வைத்தியர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், வைத்தியர் சீட்டின்றி நுண்ணுயிர்கொல்லி விற்பதைக் கட்டுப்படுத்தும்படி அரசை வற்புறுத்தியது இந்தப் பின்னணியில்தான்.

பெருங்குடற் புற்றுநோயும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவருகிறது. சில ஈ.கோலி வகைகள் கோலிபக்ரின் என்ற பொருளைச் செய்து மனிதக் கலத்தின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துவதை 2006இல் பிரான்சில் கண்டார்கள். அந்தச் சேதம் விட்டுச்செல்லும் தனித்தடம் நோயாளிகளின் கட்டிகளிலும் பதிந்திருப்பதை 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2025இல் பல நாட்டு நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு, அந்தத் தடம் இளவயதில் நோய் கண்டவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதைச் சொன்னது.

தமிழ் வாசகர் நன்கு அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆய்வு வரிசை ஐதராபாத்தில் நடந்தது. ஜே. கௌரிசங்கர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் படித்தவர். நோயாளிகளைப் பார்க்கும் வாழ்வை விட்டு, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஈ.கோலியின் மரபியலுக்கு வந்தார். 1991இல் பட்நாகர் பரிசும் 2013இல் பத்மசிறீயும் பெற்றார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் உப்பு. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அது நன்றாக விளங்கும்; 2004 ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை எப்படி உப்பாக்கியது என்பதை இங்குள்ள மூத்தோர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். உப்புநீரில் விழுந்த பற்றீரியாவின் உள்ளிருந்து நீர் வெளியேறுகிறது. பிழைக்க வேண்டுமானால் தனக்குத் தீங்கில்லாத ஒரு கரைபொருளை உள்ளே நிரப்ப வேண்டும். அதற்காக ஈ.கோலி புரோ-யு என்ற மரபணுத் தொகுதியைப் பல நூறு மடங்கு விழிக்கச்செய்து, புரோலினையும் கிளைசின் பீற்றேயினையும் இழுத்துக்கொள்கிறது. மனிதச் சிறுநீரகத்தின் உட்பகுதிக் கலங்களும் உப்பு மிகுந்த சூழலில்தான் வாழ்கின்றன; அவையும் பீற்றேயினையே சேர்த்துவைக்கின்றன. சிறுநீரிலும் பீற்றேயின் உண்டு. சிறுநீர்ப்பைக்குள் புகுந்த ஈ.கோலி அங்குள்ள உவர்ப்பைத் தாங்க அதைப் பயன்படுத்துகிறது.

அடுத்தது இன்னும் ஆழமான கேள்வி. மரபணு விழிக்கும்போது டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. பற்றீரியாவில் கரு கிடையாது. ஆகவே ஆர்.என்.ஏ. நீண்டுகொண்டிருக்கும்போதே றைபோசோம்கள் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. றைபோசோம் ஏறாமல் வெறுமையாக நீளும் ஆர்.என்.ஏ. இருந்தால், றோ என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு விரைந்து போய், படியெடுக்கும் நொதியத்தை நிறுத்திவிடுகிறது. 1969இல் ஜெப்ரி றொபேர்ட்ஸ் கண்டுபிடித்த இந்த ஆறு உறுப்பு வளையம் இல்லாவிட்டால் ஈ.கோலி செத்துவிடும். படியெடுப்பதை இவ்வளவு கண்டிப்பாக நிறுத்த வேண்டிய அவசியம் என்ன?

கௌரிசங்கரும் ஆர். ஹரிநாராயணனும் 2004இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். வெறுமையாக விடப்பட்ட ஆர்.என்.ஏ., தான் பிறந்த டி.என்.ஏ. இழையோடு திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது. மூன்று இழைகள் சேர்ந்த அந்த முடிச்சுக்கு ஆர்-வளையம் என்று பெயர். டி.என்.ஏ. இரட்டிக்கும் பொறி அதில் மோதினால் நிறமூர்த்தம் சேதப்படும். அந்த முடிச்சு விழாமல் காப்பதே றோவின் தலையாய வேலை என்றார்கள். சொன்னதைச் சோதிக்கும் வழியும் கிடைத்தது. டி4 என்ற பற்றீரியா தின்னியிடம் இத்தகைய முடிச்சை அவிழ்க்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. அந்த நொதியத்தை ஈ.கோலிக்குள் விழிக்கச்செய்து, பிறகு றோவின் மரபணுவையே நீக்கினார்கள். சாக வேண்டிய பற்றீரியா உயிரோடிருந்தது. 2013இல் இந்த முடிவு வெளியானது.

மனிதக் கலத்திலும் ஆர்-வளையம் உண்டு. அதை அவிழ்க்கும் புரதங்களுள் ஒன்று செனற்றக்சின். மரபணு முடியும் இடத்தில் அந்தப் புரதம் முடிச்சை அவிழ்த்துப் படியெடுப்பை முடித்துவைப்பதை 2011இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செனற்றக்சின் மரபணு பழுதானால் இரண்டு நரம்பு நோய்கள் வரலாம் என்பது 2004இலேயே தெரிந்திருந்தது. ஒன்றில், பதின்பருவத்தில் நடை தள்ளாடத் தொடங்கிப் பிள்ளை மெல்லச் சக்கர நாற்காலிக்கு வருகிறது. மற்றொன்றில் இளவயதிலேயே கைகால் தசைகள் மெலிகின்றன. இந்த இரண்டாவது நோயில் ஆர்-வளையங்கள் இயல்பைவிடக் குறைந்திருப்பதை 2018இல் கண்டார்கள். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஆர்.என்.ஏ.யையும் டி.என்.ஏ.யையும் பிரிக்கும் ஆர்.என்.ஏஸ் எச்-2 நொதியம் பழுதானால், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் மூளை பாதிக்கப்படும் ஐகார்டி-கூற்றியேர் நோய் வரலாம். பி.ஆர்.சி.ஏ-2 மரபணு பழுதான புற்றுக்கலங்களிலும் இந்த முடிச்சுகள் பெருகிக் கிடக்கின்றன.

கௌரிசங்கர் பத்தாண்டு காலம் இயக்குநராக இருந்த ஐதராபாத் நிறுவனத்தில், டி.என்.ஏ. கைரேகைக்கும் நோயறிதலுக்குமான மையத்தில், பரம்பரை நோயுள்ள குடும்பங்களுக்கு மரபணுச் சோதனையும் நடக்கிறது. பற்றீரியா ஆய்வும் நோயாளியின் இரத்தமும் ஒரே நிறுவனத்தில். இந்த இரண்டையும் பிரித்துவைத்து, ஒன்று பயனுள்ளது, மற்றது பொழுதுபோக்கு என்று பணம் ஒதுக்குவோர் எண்ணினால் இழப்பு நோயாளிக்கே. பாற்சீனியைப் பற்றிய கேள்வி இன்சுலினைத் தந்தது. வைரசின் தடைப்புரதத்தைப் பற்றிய கேள்வி, எந்தக் குழந்தைக்கு எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலோ, இந்த மாவட்டத்தின் பாடசாலை ஆய்வுகூடங்களிலோ ஒரு மாணவி பெத்திரிக் கிண்ணத்தில் ஈ.கோலியை வளர்த்துப் பார்க்கும்போது, அவர் மருத்துவத்திற்கு வெளியே நிற்பதாக எவரும் எண்ண வேண்டாம்.

தள்ளாட்ட நோயுள்ள ஒருவரின் கலத்தில் ஆர்-வளையம் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் ஒரு நொதியத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். டி.என்.ஏ.யோடு ஒட்டிய ஆர்.என்.ஏ.யை மட்டும் அது கரைத்துவிடும். சேர்த்தபின் அடையாளம் மறைந்தால், இருந்தது ஆர்-வளையம்தான். பல ஆய்வுகூடங்களில் அந்த நொதியம் ஈ.கோலியின் மரபணுவிலிருந்து, ஈ.கோலிக்குள்ளேயே செய்து எடுக்கப்பட்டது.